நிக்கா வீடியோவில் பச்சை முகம்

அன்று கடையில் நான் இருந்தேன். எடிட் பண்ணும் என் மனைவி இருந்தாள். கல்யாணப் பெண் இருந்தாள். அவள் மாப்பிள்ளை இருந்தார். மேசைக்கடியில் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் எங்கள் வீடியோ கடை. கல்யாண வீடியோவைத் துண்டு துண்டாக்கி ஐந்துக்கும் பிரித்துக் கொடுப்போம். சீக்கிரம் முடியும். எது எந்தத் துண்டைச் செய்தது என்று பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் அவர்களுக்கு துபாய் ஃப்ளைட். பெண்ணின் மாமியார் அங்கே. உடம்பு முடியாமல் நிக்காவுக்கு வரவில்லை. வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போட்டுப் பார்த்தால் நடுநடுவே படம் பச்சை. மாப்பிள்ளை முகத்தில்தான் நன்றாகத் தெரிந்தது.

“இன்னாண்ணா இது, குடமிளகா மாதிரி கீறாரு?” என்றாள் பெண்.

“உனக்குப் பயந்துதான்,” என்றார் அவர்.

ஐந்தில் எந்தக் கம்ப்யூட்டர் கெட்டது? ஒன்று புதிது, விலை கூடியது. அதை வைத்தே மற்ற நாலின் வேலையையும் சோதித்தேன். நாலும் தப்பு என்றது. நாலின் ஒயரையும் பிடுங்கிவிட்டு, புதியதை மட்டும் ஓட்டினேன். எல்லாத் துண்டும் பச்சை.

மனைவி சிரித்தாள். “கெட்டுப்போனதையே ஜட்ஜா உக்கார வச்சிருக்கீங்க.”

“அப்போ நாலும் நல்லதுதானே?”

“அதையும் நம்ப வேணாம். ஒண்ணை ஒண்ணு பாக்கட்டும்.”

ஐந்தையும் மறுபடி சேர்த்தாள். ஒவ்வொன்றும் மற்ற நாலையும் சோதித்தது. பழைய நாலும் ஒன்றையொன்று சரி என்றன. புதியதை மட்டும் தப்பு என்றன. புதியது அப்போதும் எல்லாவற்றையும் தப்பு என்றது.

“நாலும் கூட்டணி போட்டுக்கினு பொய் சொன்னா?” என்றார் மாப்பிள்ளை.

மனைவி நாலிலும் ஆளுக்கொரு துண்டு ஓட்டிக் காட்டினாள். “உங்க மூஞ்சிய நீங்களே பாருங்க சார்.” மாநிறமாக இருந்தார்.

புதியதைக் கழற்றி வைத்தேன். பச்சைத் துண்டுகளை மட்டும் நாலும் திரும்பச் செய்தன. வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் பெண் பென்டிரைவை வாங்கினாள். படியில் நின்று திரும்பினாள்.

“அக்கா, பச்சை ஒண்ணும் போட்டுக் குடுங்க. மகன் அழக மாமி பாக்கட்டும்.”

ஏற்றிக் கொடுத்தாள். டாக்ஸி கிளம்பியது.

திரும்பச் செய்த துண்டுகள் இருபத்து மூன்று.