எத்தேன்

கல்யாணமான மாதமே என் கணவர் பாரிசுக்கு வேலைக்குப் போய்விட்டார். விசா வரும்வரை நான் போடிக்கு மேலே, ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகவே இருந்தேன். அவர் அனுப்பிய பிரெஞ்சு கேசட்டில் வீட்டு விளக்குகளுக்கென்று ஒரு பாடம் இருந்தது. விளக்கைப் போடு என்பதற்கு 'அலூம்'. அமர்த்து என்பதற்கு 'எத்தேன்'. கரண்டே இல்லாத லயத்து வரிசை வீட்டில், அரிக்கேன் திரியை ஏற்றியும் இறக்கியும் தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா, காய் பறித்த கறை போகாத கையால் கதவைத் தட்டினாள்.

"ஏத்தா டீச்சரு, பொழுது சாஞ்சா எத்தேன் எத்தேன்னு ஒத்தையில பொலம்புறியே, எதத்தேன் தேடுற? சொன்னா நானும் சேந்து தேடுவேன்ல."

நான் 'எதைத்தான்' என்று புலம்புவதாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே விளக்கத் தொடங்கினேன், அழுகையில் முடிந்தது. அவள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

விசா வந்து நான் போய்ச் சேர்ந்த பாரிசு வீட்டில் அறைக்கு அறை சுவிட்சு. கணவர் வேலைக்குப் போனபின் விளக்கை அமர்த்தும்போது 'எத்தேன்' என்று கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். இங்கேயும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியாகவே புரிந்துவிடுகிறது; யாரும் கதவைத் தட்டுவதில்லை.