துப்பறியும் பெண்ணின் செருப்பு

என் முதல் நாவலில் ஒரு துப்பறியும் பெண் வருகிறாள். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு களவாளியின் பின்னால் யாருக்கும் தெரியாமல் போகிறாள். அவளுக்குக் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கணுக்கால் வரை சப்பாத்து என்று நான் உடுத்தி அனுப்பியிருந்தேன். படித்துவிட்டுப் பதிப்பாளர் எனக்குப் போன் எடுத்தார்.

"இந்த வெயில்ல கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தி போனா, களவாளி மட்டுமா, சந்தையே திரும்பிப் பார்க்கும். உடுப்ப மாத்தி எழுதித் தாங்க. இல்லாட்டி புத்தகம் போடேலாது."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஆறிய பிறகு யோசித்தால், மனிதர் சொன்னது சரிதான். என் கணவரிடம் சொன்னேன்.

"எழுதிக் கிழிச்சது போதும் புள்ள, தேத்தண்ணிய ஊத்து" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான். என் எழுத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. புத்தகமும் வராமல் போனால் வாழ்நாள் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்க வேண்டுமே!

கோட்டைக் கழற்றிவிட்டு அவளுக்கு அபாயாவும் நிகாபும் கொடுத்தேன். எங்கள் ஊரில் அதைவிட மறைவான உடுப்பு ஏது? எதற்கும் நானே போட்டுப் பார்ப்போம் என்று, வழக்கமாக முகம் மூடாதவள் அன்று மூடிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். செருப்புக் கடைக்காரி தூரத்திலேயே பிடித்துவிட்டாள்.

"என்ன ராத்தா, கண்டும் காணாத மாதிரி போறீங்க?"

"எப்பிடிகா தெரிஞ்சிச்சு?"

"செருப்பப் பார்த்தா தெரியாதா? போன பெருநாளைக்கு என்னட்டத்தானே வாங்கினீங்க!"

அட, நானும் அப்படித்தானே! கல்யாண வீட்டில் எல்லோரும் கறுப்பில் நிற்கும்போது செருப்பையும் கைப்பையையும் வைத்துத்தானே இன்னார் என்று சொல்கிறோம்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, வெளியூர்க்காரி மாதிரி எழுதி வைத்திருக்கிறேனே! வரும் வழியெல்லாம் நிகாபுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் தங்கச்சி வீடு அடுத்த வளவு. அவளும் என் உயரம்தான், வெளியே போனால் முகம் மூடுகிறவள். அவளுடைய செருப்பையும் பையையும் கேட்டேன்.

"என்னத்துக்கு ராத்தா?"

"களவாளி பிடிக்க."

"அல்லாஹ்வே, உங்களுக்கு முத்திட்டு!" என்றாள். ஆனாலும் தந்தாள்.

என்னை நன்றாகத் தெரிந்த ஆளை ஏமாற்றினால்தானே சோதனை? மறுபடி முகத்தை மூடிக்கொண்டு, மீன் சந்தையில் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பினார். கண் நேரே செருப்புக்குப் போயிற்று.

"மச்சியா? நல்லதாப் போச்சு. எனக்குக் கடைக்குப் போகணும். இந்த மீன ராத்தாக்கிட்டக் குடுத்திருங்க."

என்னைத் தன் மச்சி, அதாவது என் தங்கச்சி, என்றே நினைத்துவிட்டார். வென்றுவிட்டேன்! மீன் பையை வாங்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"புத்தகம் வராதோ எண்டு உங்கட ராத்தா சரியாச் சாப்பிடுறாவும் இல்ல மச்சி. அவ எழுதின எல்லாம் அவ இல்லாத நேரம் நான் படிச்சிருக்கன். நல்லா எழுதியிருக்கா. சொன்னா தலைக்கு ஏறிரும், சொல்லிராதீங்க."

வாய் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த மனிதரோடு இத்தனை வருஷம் சண்டை பிடித்தேனே என்று சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் துப்பறியும் பெண்ணுக்கு அவள் தங்கையின் செருப்பை மாட்டி, அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பிறகு மீனை ஆக்கினேன்.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் குழம்பை முகர்ந்து பார்த்தார். "மச்சி மீனத் தந்தாவா?"

"ஓம்."

"வேறென்னவும் சொன்னாவா?"

"ஒண்டும் சொல்லல்ல."

நிம்மதியாக உட்கார்ந்தார். "எழுதிக் கிழிச்சாச்சா?" என்றார் வழக்கம்போல.

"கிழிச்சாச்சு" என்று பாரையின் நடுத்துண்டை அவர் சோற்றில் வைத்தேன்.