நம்ம டிவிக்கு அது சேருமா?

சித்தியின் கல்யாணம் எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். நீல நிற டப்பாவுக்குள் ஒற்றை வீடியோத் தட்டு. அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சித்தி தனக்குப் பிடித்தவரை மண்டியாவில் ஒரு கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அவர் வேறு ஜாதி. அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, ‘அங்கே போகிறவர்கள் இனி என் வாசல்படி மிதிக்க வேண்டாம்’ என்று போனில் சொல்லிவிட்டார். அம்மா பல நாள் அழுதுவிட்டு அடங்கினாள். பெரியவர் மனசை நோகடிக்க வேண்டாம் என்று சொன்ன அப்பா, கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே யூனிபார்ம் போட்டுக்கொண்டு பீன்யா ஃபேக்டரிக்கு ஓவர்டைம் பார்க்கக் கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

தட்டு வந்த சாயங்காலமே அம்மா அதை எங்கள் டிவிடி பிளேயரில் போட்டாள். பிளேயர் அதை விழுங்கி, கொஞ்ச நேரம் உறுமி, ‘நோ டிஸ்க்’ என்று காட்டியது. துடைத்துப் போட்டாலும் அதே பதில். டப்பாவின் மேலிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். புளூரே.

வேலையிலிருந்து வந்த அப்பா ஷூவைக்கூடக் கழற்றவில்லை. “அது வேற ஜாதித் தட்டு. அதுக்குன்னு தனி பிளேயர் வேணும். வாங்குனாலும் அது ஃபுல் எச்டி, நம்ம டிவிக்குச் சேராது. சும்னே வீண் செலவு எதுக்கு?” என்றார்.

எங்கள் வீட்டில் ப்யூஸ் போனால் அம்மாதான் மாற்றுவாள். ரிமோட்டில் பேட்டரியை எந்தப் பக்கம் போடுவது என்று அப்பா என்னைத்தான் கேட்பார். அப்படிப்பட்டவர் திடீரென்று இவ்வளவு தெரிந்தவராக ஆனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும். டிவி வாங்கியபோது கொடுத்த புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள்.

“நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே. சேருமா சேராதான்னு பார்த்துச் சொல்லு பாப்பா.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தன் தங்கை கல்யாணத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் என் இங்கிலீஷைப் பொறுத்து என்றாகிவிட்டது. மூன்று நாள் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். எங்கள் டிவியின் நெற்றியில் ‘எச்டி ரெடி’ என்று ஒட்டியிருந்தது. அப்பா சொன்னது ‘ஃபுல் எச்டி’. ரெடி என்றால் தயார்தானே? தயாராக இருக்கிற ஒன்று எப்படிச் சேராமல் போகும்? யாரையும் கேட்கப் பயமாக இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் புகுந்து, அங்கிருந்த ஓட்டைகளையெல்லாம் ரஃப் நோட்டில் வரைந்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வட்டம். தூசி அடைத்துக் கிடந்த இரண்டு தட்டையான ஓட்டைகள். அவற்றின் பக்கத்தில் எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, இந்தத் தீபாவளிக்குத் தனக்குப் புடவை வேண்டாம், பிளேயர் வந்தால் போதும் என்றாள். அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நோட்டோடு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பினாள்.

எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர். அப்பா பிளேயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “எங்களுது எச்டி ரெடிதான். இது சேராது, இல்ல?” என்று ஆரம்பித்தார்.

“பர்வாகில்ல சார், ஓடும். பிளேயரே டிவிக்குத் தக்கபடி குறைச்சுக் குடுக்கும்.”

“பழைய டிவி. கெட்டுப் போயிடாது?”

“ஏன் சார் கெடுது? எச்டிஎம்ஐ இருக்குதா, அது ஒண்ணு சொல்லுங்க, சாக்கு, போதும்.”

அப்பா சட்டென்று, “அதெல்லாம் இல்லை” என்றார்.

அப்பா தெரியாமல் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தோன்றியது. கடைக்காரர் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டுமே என்று அப்பா காத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது? சித்தி அப்பாவைத் திட்டி ஏதாவது பேசியிருப்பாளோ? அதைப் பார்த்தால் அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவாளோ? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிரித்துக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

“ரெண்டு இருக்குது அங்கிள்.”

அப்பா என் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. “பேக் பண்ணுங்க” என்றார். திரும்பி வரும்போது அவர் முதுகில் சாய்ந்துகொள்ளக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

வயரை நான்தான் சொருகினேன். படம் வந்தது. எங்கள் டிவியில் அவ்வளவு துல்லியமாக எதையும் அதுவரை பார்த்ததில்லை. சித்தியின் நெற்றியில் வியர்வை முத்து தெரிந்தது. அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். அப்பா கட்டிலின் ஓரத்தில் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணின் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில், நீல யூனிபார்ம் சட்டையும் இரவல் வேட்டியுமாக, கையில் செம்போடு அப்பா நின்றார். சட்டைப் பையில் பேனா. பையின் மேல் தைத்திருந்த அவருடைய டோக்கன் நம்பர்கூடத் தெரிந்தது.

அம்மா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். நான் அலமாரியோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் காட்டிக்கொடுத்தது என் நோட்டு. இப்போது பெரிய சண்டை வரப்போகிறது.

“எங்கிட்ட ஏங்க சொல்லல?”

“உங்கப்பா வாரத்துக்கு நாலு தடவை போன்ல கேட்டாரு, யாராவது போனீங்களான்னு. உனக்குப் பொய் சொல்ல வராது. தெரியாம இருந்தா நீ தைரியமா இல்லைன்னு சொல்லலாம்ல. அவகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்.” தரையைப் பார்த்தபடியே, “பொண்ணு பக்கம் ஒரு ஆளு இல்லாம எப்படி நிக்கும், பாவம்” என்றார்.

சித்தி வாக்கு மாறவில்லை. வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல், தட்டை மட்டும் அனுப்பிவிட்டாள்.

அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அங்க சாப்டீங்களா?”

“எங்க? தாலி கட்டினதும் கிளம்பிட்டேன். செகண்ட் ஷிப்டுக்காவது போய்ச் சேரணும்ல.”

தங்கையைத் திரையில் பார்த்தபோதுகூடச் சிரித்துக்கொண்டே அழுத அம்மா, இதைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் பயந்த சண்டை வரவில்லை. அதுவரைக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் கல்யாண வீட்டில் சாப்பிடாமல் வந்ததற்கு இன்று எதற்காக இப்படி அழ வேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.