மட்டாஞ்சேரியில் சிங்கப்பூர் நேரம்

"சாமி, மணி எத்தரையாச்சு?"

படகுத்துறையில் நிற்கும் வெளியூர்க்காரர் யாராவது காலையில் இப்படிக் கேட்டால், சிவராமகிருஷ்ணன் சட்டைக் கையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எட்டரை" என்பார். கேட்டவருக்கு முகம் வெளுத்துவிடும். கோர்ட்டு வாய்தாவோ, ஆஸ்பத்திரியோ, பெண் பார்க்கும் சடங்கோ, எதுவோ கை நழுவிப் போய்விட்டதென்று தலையில் கை வைப்பார். அந்த முகத்தை ஒரு கணம் ரசித்துவிட்டுத்தான் சிவராமகிருஷ்ணன் மீதியைச் சொல்வார். "பயப்படாதேங்கோ. அது சிங்கப்பூர்லயாக்கும். இங்கே ஆறரைதான்." பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்கு இது தினசரிக் காலைப் பலகாரம்.

பஜார் ரோட்டில் கீழே கிடங்கும் மேலே ஆபீசுமாக இருக்கிற ஹோல்ட்வே கம்பெனியில் அவர் தந்தி குமாஸ்தா. யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கம்பெனிக்குக் கிழக்கு நாடுகள் மேல் ஒரே மோகம். கொழும்பில் ஒரு கிளை, பினாங்கில் ஒன்று, ஹாங்காங்கில் ஒன்று என்று திறந்துகொண்டே போனார்கள். எல்லாவற்றுக்கும் தலை சிங்கப்பூர். மிளகும் சுக்கும் என்ன விலை போகும் என்று அங்கிருந்துதான் தந்தி வரும். அங்கே பொழுது நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால் விடிந்துவிடுகிறது. அவர்கள் ஆபீசைத் திறக்கும்போது கொச்சியின் தந்தி மேசைமேல் இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் சிவராமகிருஷ்ணன் விடியற்காலையிலேயே வேலைக்கு வர ஆரம்பித்தார். போகப்போக, இரண்டு மணி இரண்டு மணியாகக் கணக்குப் போடுவானேன் என்று கைக்கடிகாரத்தையே முன்னால் தள்ளிவைத்தார். பிறகு தந்தி அறையின் சுவர்க் கடிகாரத்தையும். பிறகு தன்னையும்.

கடலை அவர் கப்பலில் ஏறிப் பார்த்ததில்லை. காயலுக்கு அக்கரையில் இருக்கும் வெலிங்டன் தீவுக்குப் படகில் போனதுதான் பெரிய பிரயாணம். ஆனால் சிங்கப்பூர்த் துறையான காலியர் கீயில் இறங்கினால் முகத்தில் எந்தப் பக்கத்துக் காற்று அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளைச் சாயாக் கடையில் உட்கார்த்தி, வடை வாங்கிக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்திருந்தார். மழை எந்த வேளையில் வரும்? சிராங்கூன் ரோட்டில் மல்லிகை கிடைக்குமா? சீனன் கடையில் காப்பி எப்படி? சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலில் நின்று காயலைப் பார்க்கும்போது, எதிரே தெரியும் கப்பல் விளக்குகள் அவருக்கு அந்த ஊர் விளக்குகளாகவே ஆகிவிடும். "இப்போ அங்கே கடையெல்லாம் பூட்டியாச்சு. தெருவெல்லாம் ஈரமா மினுங்கிண்டிருக்கும்" என்பார், யாரும் கேட்காமலே. அந்தக் குரலில் பொய் இருக்காது. அந்த நிமிஷம் அவர் அங்கேதான் இருந்தார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூர் ஆபீசில் ஒரு நாற்காலி. அங்கிருந்து ஹாங்காங், அதற்கப்புறம் ஜப்பானில் கோபே என்று மேலே மேலே போகலாம். கம்பெனி வளர்கிறது, கொச்சியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிடாமலா போவார்கள் என்று காத்திருந்தார்.

செரளாயிப் பக்கத்து வாடகை வீட்டில் மட்டும் சிங்கப்பூரின் செல்வாக்குச் செல்லவில்லை. அங்கே ஆட்சி அவர் மனைவி நீலாம்பாளுடையது. சிங்கப்பூர்க் கணக்கில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதென்று அவர் கூடத்தில் வந்து உட்காரும்போது, முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

"சந்தி வேளைல யாராவது சாதம் போடுவாளா? விளக்கேத்தி, அது நன்னா நின்னு எரிஞ்சப்பறம்தான் இலை."

"நேக்குப் பசிக்கறதே, நீலா."

"பசி சிங்கப்பூர்லதானே? அங்கேயே போய்ச் சாப்பிடுங்கோ."

எத்தனையோ வருஷம் இப்படியே போயிற்று. விளக்குக்கு முன்னால் அவள் ஒரு நாளும் இலை போட்டதில்லை, அவரும் சுவரில் சாய்ந்து காத்திருக்காமல் இருந்ததில்லை.

போன வருஷம் அழைப்பு வந்தே விட்டது. சிங்கப்பூர் ஆபீசுக்கு ஆள் தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஃபெர்ன்லி துரை விமானத்தில் வந்தார். வெலிங்டன் தீவு ஹோட்டலில் இறங்கியதும் மானேஜர் மேனனை டெலிபோனில் கூப்பிட்டு, "உங்கள் தந்தி ஆளை நாளை பத்து மணிக்கு ஆபீசில் பார்க்கிறேன். பார்த்துவிட்டு மதராஸ் விமானம் ஏறிவிடுவேன்" என்றார். சிவராமகிருஷ்ணனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல இருட்டோடு கிளம்பப் போனவரை நீலாம்பாள் தடுத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், கோவிலுக்குப் போக வேண்டும், ராகுகாலம் கழிந்துதான் வாசற்படி தாண்ட வேண்டும். காலைத் தந்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் அப்துல் ஜலீல் இருக்கிறானே. ஜலீல் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தா, தங்கமான பையன்.

"ராகு உங்க சிங்கப்பூர் சூரியனைப் பாத்துண்டா வரும்? இந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள் நம்ம மணிப்படி நடங்கோ" என்று அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்தாள். போனால் தானும் கூட வருவதாக அவள் அதுவரை சொன்னதில்லை. அன்று நெற்றியில் சந்தனம் இட்டுவிட்டு, "அங்கே பசும்பால் கிடைக்குமோ?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் அவருக்குப் பாதி உத்தியோகம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ராகுகாலம் கழிந்து, நல்ல சகுனம் பார்த்து, பத்துக்குக் கால் மணி இருக்கும்போது அவர் ஆபீஸ் மாடி ஏறினார். ஜலீல் படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

ஃபெர்ன்லி துரை எந்த நாட்டுக்குப் போனாலும் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பாதவர். மட்டாஞ்சேரியில் அது ஒருவருக்கும் தெரியாது. அவருடைய பத்து மணி நம்முடைய எட்டு. ஹோட்டலுக்குப் போய் அழைத்து வர மேனன் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், துரை தானே படகு பிடித்து வந்து தந்தி அறைக்குள் நுழைந்துவிட்டார். சுவர்க் கடிகாரம் பத்து காட்டியது. பார்த்ததும் முகம் மலர்ந்து போயிற்றாம்.

"'அவர் பத்து மணிக்கு வரும், சாரே, கட்டாயம் வரும்'னு நான் துரைகிட்டே சொல்லி நோக்கினேன் சாமி. 'இதோ பத்துதானே? கடிகாரம் சரியா இருக்கு, ஆளைத்தான் காணோம்'னுட்டாரு. கொறச்சு நேரம் இருந்தாரு. அப்பறம் என்னைத் தந்தி எழுதச் சொன்னாரு. எழுதினேன். 'நீயே வா'ன்னுட்டுப் போயிட்டாரு. எனக்கு வேண்டா சாமி, அல்லாவாணை எனக்கு வேண்டா."

சிவராமகிருஷ்ணன் அவனையும் கூட்டிக்கொண்டு தந்தி அறைக்குள் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதை அந்த நேரத்தில் வைத்த கை அவருடையதுதான். வயிறு எரியத்தான் எரிந்தது, இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் ஜலீலின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போடா பைத்தியக்காரா, வந்த சீதேவியை வேண்டாம்னு சொல்வாளா? காலியர் கீல இறங்கறச்சே தொப்பியைப் பிடிச்சுக்கோ, காத்து பறிச்சுண்டு போயிடும்" என்றார்.

மழை ஓய்ந்ததும் ஜலீல் கப்பலேறினான். தந்தி அறைக் கடிகாரத்தை சிவராமகிருஷ்ணன் ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டார். கைக்கடிகாரம் நீலாம்பாள் வைத்தபடியே ஓடியது. படகுத்துறையில் மணி கேட்டவர்களுக்கு உள்ளபடியே மணி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, பிறகு யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. சாயங்காலம் ஜன்னல் பக்கம் போவதை விட்டார். வீட்டில் விளக்கேற்றி, அது நன்றாக நின்று எரிந்தபின், கூப்பிட்ட குரலுக்கு வந்து உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு எழுந்தார். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எதற்குச் சண்டை போட்டாளோ அதெல்லாம் நீலாம்பாளுக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் சாதம் இறங்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கைக்கடிகாரத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கை கால் கழுவப் போனார். சுவரில் வெயில் இன்னும் மஞ்சளாக நின்றது. விளக்குக்குத் திரிகூடப் போடவில்லை.

நீலாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கைக்கடிகாரத்தை எடுத்தாள். அதன் திருகை நகத்தால் இழுத்து, முள்ளை ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று முன்னால் தள்ளினாள். ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பிறகு கூடத்து வெயிலில் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.