அந்த ஒரு பீக்

டெல்லியில் ஆராய்ச்சி செய்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது. ரசாயன வாடையால் அல்ல.

என் தீசிஸுக்கு முதல் படியாக ஒரு சேர்மத்தைத் தயாரிக்க வேண்டியிருந்தது. தயாரித்தது அதுதானா என்று தெரிய, அதன் கைரேகை மாதிரியான என்.எம்.ஆர். படத்தை ஏற்கெனவே அச்சான படத்தோடு ஒப்பிட வேண்டும். இணையத்தின் இலவசத் தரவுத்தளங்கள் எதிலும் அது கிடைக்கவில்லை. இருந்தது ஒரே ஒரு கட்டுரை, அதுவும் என் கைடு எழுதியது. அவர் படத்தில், கோட்டிலிருந்து கூராக எழும் முகடுகள், அதாவது பீக், ஐந்து. என் படத்தில் ஆறு.

மூன்று முறை திரும்பச் செய்தேன். ஆறுதான். எட்டு மாதம் போயிற்று. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வரும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் கட்டுரைப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தப் படங்களில் பீக்குகளுக்கு இடையே அடியில் ஓடும் கோடு எப்போதும் லேசாக நடுங்கும். அவர் படத்திலோ, ஆறாவது பீக் வரவேண்டிய இடத்தில் மட்டும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் கிடந்தது. நூலகத்துக்கு ஓடினேன். அவருடைய பழைய தீசிஸில் அசல் படம் இருந்தது. அதில் ஆறு பீக்.

இரண்டையும் அவர் மேஜையில் வைத்தேன்.

“ஏம்மா, இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? அது ஏதோ அசுத்தம், போகவே மாட்டேங்குது. பாக்க நல்லா இல்லன்னு தொடச்சுட்டேன். அச்சா, நீயும் தொடச்சுட்டு ஜல்தி சப்மிட் பண்ணு.”

சொல்லிவிட்டு சமோசாவைக் கடித்தார். எண்ணெய் வழிந்த அந்த விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எட்டு மாதம். தூ!

ஆனால் ஃபெல்லோஷிப் முடிய இரண்டே மாதம் இருந்தது. எனக்குப் பட்டம் வேண்டும். துடைத்தேன். பத்து நிமிட வேலை. கட்டுரை வந்தது, பட்டமும் வந்தது. அவரைப் பற்றி மட்டும் போன இடமெல்லாம் காறித் துப்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். “மேடம், உங்கள் கட்டுரையில் உள்ளபடியே நான்கு முறை செய்துவிட்டேன். எனக்கு ஒரு பீக் கூடுதலாக வருகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்? உங்கள் அசல் படத்தை அனுப்ப முடியுமா?”

பழைய ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன். துடைத்த படம் மட்டும்தான் இருந்தது. அந்த ஆளாவது அசலை நூலகத்தில் விட்டுவைத்திருந்தார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.