அண்ணாச்சியின் மத்தியானத் தூக்கம்

போன மாதம் சென்னையில் எங்கள் ஆபீஸில், தூங்குவதற்கென்று ஒரு அறை திறந்தார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ரிப்பன் வெட்டினார்கள், கேக் வெட்டினார்கள், பெரிய மேனேஜர் வந்து பேசினார். தூங்கும் அறை என்று வெளிப்படையாகப் பேர் வைத்தால் முதலாளிகளுக்குக் கூச்சமாக இருக்கும் போலிருக்கிறது, அதனால் இங்கிலீஷில் நாசூக்காக ஒரு பேர். சும்மா போய்ப் படுத்துவிட முடியாது. போனில் பதிவு செய்ய வேண்டும். ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம். ஊருக்குப் போகிற ரயிலில்கூட இவ்வளவு வெயிட்டிங் லிஸ்ட் நான் பார்த்ததில்லை. ஒருவழியாக என் முறை வந்து உள்ளே போனால், சாய்கிற நாற்காலி, மங்கலாக நீல விளக்கு, அப்புறம் ஸ்பீக்கரில் அருவிச் சத்தம்.

தென்காசிக்காரியைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் அருவிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் தூங்குவாளா? இது எந்த அருவி, குற்றாலத்து மெயின் அருவி மாதிரி இல்லையே, ஐந்தருவிக்கு இப்படி ஒரே சீராகச் சத்தம் வராதே என்று ஆராய்ச்சி பண்ணியதிலேயே இருபது நிமிஷமும் ஓடிப்போனது. மணி அடித்தது. வெளியே வந்தால் அடுத்த ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்கென்னவோ அதில் சத்தம் மட்டும்தான் இருந்த மாதிரிப் பட்டது. குற்றாலம் என்றால் முதலில் மூக்குக்குத்தான் தெரிய வேண்டும். நனைந்த பாறை, வழியில் பொரிகிற மிளகாய் பஜ்ஜி, எல்லாவற்றுக்கும் மேலே நல்லெண்ணெய். அந்த எண்ணெய் வாடையை நினைத்த மாத்திரத்தில் எனக்கு எங்கள் கடை அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது.

நான் பி.காம் முடித்துவிட்டு முதன்முதலாக வேலைக்குப் போனது அவருடைய பாத்திரக் கடைக்குத்தான். தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பில் போடுகிற வேலை. எங்கள் வீடு இருந்த மேலகரத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் போவேன். சம்பளத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கு என் பையன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பீட்ஸாவுக்குக் கொடுக்கிற காசு அது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு நடந்த நடையில் நான் ஏதோ ஜமீன் வாரிசு மாதிரிதான் இருப்பேன் என்று அம்மா சொல்லுவாள்.

கடை காலையில் ஒன்பது மணிக்குத் திறக்கும். ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கும், மறுபடி நாலு மணிக்குத்தான் ஏறும். நடுவில் என்ன தலைபோகிற காரியமானாலும் திறக்காது. நான் மேலகரம் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவேன். அண்ணாச்சியும் அப்படித்தான். சீசன் ஆரம்பித்து, சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் வந்துவிட்டால் இன்னும் விசேஷம். பன்னிரண்டரைக்கே கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். பாத்திரம் வாங்க வந்தவர்களிடம் எண்ணெய்க் கையை வைத்துக்கொண்டு, "அருவியில தண்ணி நல்லா விழுதாம்லா. சாயங்காலம் வாங்களேன்" என்பார். வந்தவர்களும் கோபப்பட மாட்டார்கள். "அப்படியா, அப்பம் நானும் ஒரு குளியலைப் போட்டுட்டு வாரேன்" என்று போய்விடுவார்கள். இப்படி ஒரு வியாபாரமா என்று கேட்காதீர்கள். அப்படித்தான் இருந்தது.

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அருவிக்குக் கீழ நின்னுட்டு வந்தா ஒரு பசி வரும் பாரு. அந்தப் பசிக்குச் சாப்பிட்டா ஒரு தூக்கம் வரும் பாரு. அந்தத் தூக்கத்துக்குத்தாம்மா நான் கடையே நடத்துதேன்."

விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. மனுஷன் நாலு மணிக்குத் திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்போதுதான் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்கு நாங்கள் எல்லோரும் தேர்ந்தெடுக்கிற நேரம் அந்த நாலு மணிதான்.

அண்ணாச்சி மட்டும் என்று இல்லை, தெருவே அப்படித்தான். ரெண்டு மணிக்கு எங்கள் தெருவில் நாயும் காற்றும்தான் நடமாடும். வெளியூர்க்காரர் ஒருவர் தெரு நடுவில் நின்று, "என்னங்க, ஊர்ல ஏதாச்சும் கடையடைப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஷோரூம் வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய மேனேஜர். வாசலில் போர்டு: மதிய இடைவேளை இல்லை. அதைப் படித்துவிட்டு அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தா பாரும்மா, மத்தியானம் யாரு வருவான்னு இவன் தொறந்து வச்சிருக்கான்? ஈ ஓட்டுதுக்கா?"

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். பக்கத்து ஊரான கடையத்தில் ஒரு குடும்பம், அண்ணாச்சியின் அப்பா காலத்தில் இருந்தே எங்களிடம்தான் கல்யாணச் சீர்ப் பாத்திரம் எடுப்பார்கள். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க ரெண்டு மணிக்கு வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். எங்கள் கடை பூட்டிக் கிடக்கிறது. எதிர்க் கடை திறந்து கிடக்கிறது, உள்ளே ஜிலுஜிலு என்று ஏசி வேறு. நாலு மணிக்கு அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், எதிரே அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் வேனில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர் இவரைப் பார்த்துவிட்டு, கள்ளம் கபடம் இல்லாமல், "என்ன அண்ணாச்சி, நல்லாத் தூங்குனியளா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அன்றைக்கு ராத்திரி கடை பூட்டுகிறவரை கணக்கு நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டு, "இனிமே மத்தியானம் அடைக்கப் போறதில்ல" என்றார். "ஒரு சீசனுக்குத்தான். கடை கொஞ்சம் நிமிரட்டும், பெறகு படுத்துக்கிடலாம்."

மதினிக்குப் பிடிக்கவே இல்லை. அண்ணாச்சி சம்சாரத்தை நாங்கள் எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து டங்கென்று மேஜையில் வைத்தாள். "நீங்க வந்து படுத்தா கடை என்ன எந்திரிச்சா ஓடிரும்?" என்று கேட்டாள். அண்ணாச்சி வாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். "நீங்க என்னமும் செய்ங்க. நான் போய்ப் படுக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த முதல் பத்து நாள் கூத்து இருக்கிறதே! ரெண்டு மணி ஆனதும் அண்ணாச்சிக்குத் தலை ஆட ஆரம்பிக்கும். முகத்தைக் கழுவுவார், காபி குடிப்பார், எழுந்து நிற்பார். நின்றுகொண்டே தூங்குவார். உள்ளே வருகிற வாடிக்கையாளர்கள் அவரைப் பார்த்துவிட்டு, "பாவம், தூங்கட்டும்" என்று என்னிடம் குசுகுசுவென்று பேசுவார்கள். நானும் குசுகுசுவென்று விலை சொல்லுவேன். பாத்திரக் கடையில் சத்தம் இல்லாமல் வியாபாரம் செய்வதை நினைத்துப் பாருங்கள்! ஒரு அம்மா இட்லிக் கொப்பரையைத் தூக்கிப் பார்த்தாள், மூடி நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு போன சத்தத்தில் அண்ணாச்சி துள்ளி எழுந்து, "யாருலே அது?" என்று கத்தினார். அந்த அம்மா பயந்துபோய், "தெரியாமப் போட்டுட்டேன் அண்ணாச்சி, நீங்க படுங்க, நான் நாலு மணிக்கு வாரேன்" என்று கொப்பரையை வாங்காமலே போய்விட்டாள்.

எதிர்க் கடையிலும் ஒன்றும் வாழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டை கட்டிய மேனேஜர், இந்தப் பக்கம் அண்ணாச்சி, ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊரே தூங்குகிறபோது பாத்திரம் வாங்க யார் வருவார்?

ஆனால் வந்தார்கள். முதலில் குற்றாலத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள், ஈரத் தலையோடு. அப்புறம் செங்கோட்டை தாண்டி அந்தப் பக்கத்துக் கேரளா ஆட்கள், பாயசம் காய்ச்சுகிற உருளி கேட்டு. கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் ஊர்க்காரர்களே மூன்று மணிக்கு வரப் பழகிவிட்டார்கள். பக்கத்து ஜவுளிக் கடை திறந்தது, அதைப் பார்த்து மளிகைக் கடை திறந்தது. எனக்கும் சம்பளம் கூடியது. சந்தோஷமாக இருந்தது, இல்லை என்றால் பொய். முதல் மாசம் கூட வந்த காசில் அம்மாவுக்கு மிக்சி வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு வருஷத்தில் அந்த ஷோரூம் மூட்டையைக் கட்டிவிட்டது. அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். தெருவெல்லாம் லட்டு கொடுத்தார்.

அதோடு எனக்குக் கல்யாணமாகி மெட்ராஸ் வந்துவிட்டேன். இந்த ஊரைத் திட்டமாட்டேன். சோறு போட்ட ஊர். இங்கே வந்த பிறகுதான் நான் நாலு காசு பார்த்தேன், தைரியமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். ஒரு ஆபீஸ் மாறி இன்னொரு ஆபீஸ், ஒவ்வொரு தடவையும் சம்பளம் கூடியது, ஒவ்வொரு தடவையும் வீட்டில் இருந்து தூரமும் கூடியது. மத்தியானச் சாப்பாடு கம்ப்யூட்டருக்கு முன்னால்தான், என்ன குழம்பு என்று யாராவது கேட்டால் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நானும் வீட்டுக்காரரும் ரொம்ப நாளாக ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். பையன் படிப்பு முடியட்டும், மேலகரத்தில் சின்னதாக ஒரு வீடு, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டியது. வேறு ஒரு ஆசையும் எனக்குக் கிடையாது. ஆபீஸில் யாராவது கத்தினால்கூட அந்த வீட்டை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

தூங்கும் அறையில் தூங்காமல் வந்த அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். கட்டாயம் அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கடை இப்போது மூன்று மாடி. மகன் பார்த்துக்கொள்கிறான். தெருவில் ரெண்டு மணிக்கு ஆட்டோ நிறுத்த இடம் இல்லை. அண்ணாச்சி வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏம்மா, மெலிஞ்சு போய்ட்டியே" என்றார். மெலியவில்லை, அது அவருடைய பாசம்.

மதினி இலை போட்டாள். சாப்பிடும்போது, "இப்பம் நல்லாத் தூங்குதியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கடை நிமிர்ந்துட்டும்மா. நிமிர்ந்து எம்புட்டோ வருசமாச்சு. தெனமும் படுக்கத்தான் செய்யுதேன். வர மாட்டேங்கு. அருவிக்கும் போய் நின்னு பாத்தாச்சு. நல்லாப் பசிக்கி, சாப்பிடுதேன். ஆனா அது மட்டும் வர மாட்டேங்கு. அது நமக்காகக் காத்துக் கெடக்கும்னு நெனச்சேன், கேட்டியா." மெட்ராஸில் இதற்கு நல்ல டாக்டர் யாரும் உண்டா என்று கேட்டார். மேலகரத்து வீடு கண்ணுக்கு முன்னால் வந்து போனது. விசாரிச்சுச் சொல்லுதேன் என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் மதினி எனக்கு ஹாலில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு உள் அறைக்குப் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குறட்டை கேட்டது. அண்ணாச்சி எனக்கு எதிரே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வெளியே சாரல். வயிறு நிறைய சாம்பாரும் அவியலும். இதைவிட என்ன வேண்டும் ஒரு ஆளுக்கு? நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்தே கிடந்தேன். வரவில்லை. பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தால், அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்தார். அடி மேல் அடி வைத்து வந்து, என் முகத்தில் வெளிச்சம் படாமல் ஜன்னல் கதவைச் சத்தம் இல்லாமல் சாத்தினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். இவளாவது தூங்குகிறாளே என்று நினைத்தாரோ என்னவோ, நான் அசையவே இல்லை. நாலு மணிவரை அசையவில்லை.

மதினி காபியோடு வந்தாள், கன்னத்தில் பாயின் தடம் பதிந்திருந்தது. "ரெண்டு பேரும் நல்லாத் தூங்குனிய போல? ஒரு சத்தத்தையும் காணோம்."

"நான் என்னத்தத் தூங்குனேன்? பிள்ளைதான் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குச்சு" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஆமா மதினி, நல்ல தூக்கம்" என்று சொல்லி நான் காபியை வாங்கிக்கொண்டேன்.