மூக்கு மருந்தும் பூ வைக்க வந்தவர்களும்

மாசி மாசம் வந்தால் என் மூக்குக்குப் பைத்தியம் பிடித்துவிடும். உத்திரமேரூர் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் ஏரிக்கரை நெடுக வேலிகாத்தான் முள்மரம். அது மஞ்சளாகப் பூத்துத் தொங்க ஆரம்பித்தால் விடிகாலையிலேயே எனக்குத் தும்மல் கிளம்பும். தும்முவது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். வேறு வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் குற்றம்தான்.

காரணம் என் மாமனார். பத்துக் காணி நிலம் வைத்துப் பயிர் செய்கிற மனிதர். பீடி கிடையாது, குடி கிடையாது, மருமகளை அதட்டி ஒரு சொல் கிடையாது. சகுனம் மட்டும் பார்ப்பார், அதிலும் தும்மல் சகுனம். வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் போச்சு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். இரட்டைத் தும்மல் என்றால் நல்லது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜோராகப் போவார். ஆகவே நான் அடுப்பங்கரையில் ஒன்று போட்டதும், அவர் வாசலில் ஒரு கால் செருப்போடு அப்படியே நிற்பார்.

"இன்னொண்ணு போடும்மா!" என்று குரல் வரும்.

போடுவதற்கு அது என்ன தோசையா? நான் என்ன, வைத்துக்கொண்டா வஞ்சனை செய்கிறேன்? சில நாள் இரண்டாவதும் வந்துவிடும். அவர் சந்தோஷமாக மற்றச் செருப்பை மாட்டுவார். மூன்றாவது வரும். மூன்று எதில் சேர்த்தி என்று அவருக்கும் அத்தைக்கும் வாசலிலேயே வாக்குவாதம் நடக்கும். அதற்குள் காஞ்சிபுரம் பஸ் போய்விடும். கரண்ட் ஆபீஸில் ஒரு கையெழுத்துப் போட வேண்டிய வேலைக்கு ஒரு முறை நாலு நாள் கிளம்பினார். "என் மருமவ மூக்கு வுட்டாதான் நான் ஊரத் தாண்ட முடியும்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். அப்புறம் தெருவில் போகிறவர்கள் எல்லாம் "இன்னிக்கி எத்தினிம்மா?" என்று என்னை விசாரித்தார்கள்.

என் மூக்கின் பக்கம் பேசிய ஒரே ஆள் என் நாத்தனார். முந்தின வருஷம்தான் தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். "இது சகுனம் இல்ல நைனா, மகரந்தம். வேலிகாத்தான் பூவுலேர்ந்து காத்துல வர்ற தூளு. அண்ணி மூக்குக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்" என்று அப்பாவுக்கு விளக்கினாள்.

"அப்ப நான் கெளம்பச்சொல்லோ மட்டும் இன்னாத்துக்கு வர்து?" என்று கேட்டார். அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள். எனக்கும் தெரியவில்லை.

அவளுக்கு மேலே எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜில் விசாரித்து விண்ணப்பம் கூட வாங்கி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அரிசி மில். நல்ல மனிதர்கள்தான், ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு கிடிப்பு என்று பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பங்குனி முதல் வெள்ளிக்கிழமை வந்து பெண்ணைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் கையோடு பூ வைத்து உறுதி செய்துவிட்டுப் போவார்கள் என்று ஏற்பாடு. மாமனாருக்கு எல்லாவற்றிலும் திருப்தி. ஒரே ஒரு ஆபத்து பாக்கி. அது நான்.

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டு சொன்னார்கள். "அன்னிக்கி ஒரு நாளு பழையசீவரத்துக்கு, உங்கம்மா வூட்டாண்ட போயிட்டு வாயேம்மா. பூ வெக்கச்சொல்லோ நீ ஒண்ணு போட்டுட்டா பேஜாராப் பூடும்."

எனக்கு வந்ததே கோபம்! இந்த வீட்டுக்கு ஒரே மருமகள். பூ வைக்கிற அன்றைக்கு நான் ஊரில் இல்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? "நான் எங்கயும் போவ மாட்டேன். மூக்கைத்தானே நிறுத்தணும்? நிறுத்திக் காட்டறேன்" என்று சபதம் போட்டுவிட்டேன்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. தும்மல் நின்றது, கூடவே நானும் நின்றுகொண்டே தூங்கினேன். காஞ்சிபுரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் மூக்கில் அடிக்கிற மருந்து இரண்டு எழுதிக் கொடுத்து, ஒன்றை அடித்துப் பார், சரிப்படாவிட்டால் மற்றதை அடி என்றார். நாத்தனார் உடனே ஒரு நோட்டு போட்டுவிட்டாள். எந்த மருந்து, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எத்தனை தும்மல். தினமும் சாயந்திரம் என்னை ஏரிக்கரைக்கு இட்டுக்கொண்டு போய் வேலிகாத்தான் கிளைக்குக் கீழே நிறுத்தி, அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

முதல் மருந்து ரோஜாப்பூ வாசனை அடித்தது. பூவினால் வந்த வியாதிக்குப் பூ வாசனையில் மருந்து! அது வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? ஆறாம் நாளே அதைத் தூக்கிப் பரணில் போட்டேன். இரண்டாவது சரியான கசப்பு. அண்ணாந்து அடித்தேன், தொண்டையில் இறங்கி வேப்பங்கொழுந்து தின்றதுபோல் ஆகிவிட்டது. சோறு, குழம்பு, மோர் எல்லாம் கசந்தது. "தலைய குனிஞ்சிக்கினு அடிக்கணும் அண்ணி, டாக்டர் சொன்னாரே" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் குனிந்து அடித்தேன். கால் மணி நேரம் கழித்துக் கிளைக்குக் கீழே போய் நின்றேன். ஒன்று வந்தது. அப்புறம் இல்லை. மூக்கு என்று ஒன்று எனக்கு இருப்பதே மறந்துபோனது. அடேங்கப்பா, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்வது!

"அண்ணி" என்றாள் அவள், நோட்டை மூடிக்கொண்டு. "எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம் அண்ணி. நான் படிக்கணும்."

"ஐயோ, இரு இரு. இப்ப அடிச்சி எத்தினி நிமிஷம் ஆச்சி, அத எழுது மொதல்ல" என்றேன் நான்.

அவள் எழுதினாள். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் மூக்கில் பக்கத்துக்கு ஒரு முறை அடிக்கச் சொன்னதை நான் முன்ஜாக்கிரதையாக இரண்டிரண்டு முறை அடித்துக்கொண்டேன். வீட்டில் கேசரி வாசனை. மாமனார் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டு, நொடிக்கொரு தரம் என் மூக்கைப் பார்த்தார். "கவலையே வாணாம் மாமா" என்றேன் தெம்பாக.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். உள்ளறையில் நாத்தனாருக்குத் தலையில் பூ வைத்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, மருந்து அடிச்சிக்கினீங்களா?"

"அடிக்காம? காலையிலயே ஆச்சி."

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நீங்க ஒண்ணு தும்மிட்டா இன்னிக்கி பூ வெக்க மாட்டாங்கன்னு இருந்தேன் அண்ணி. நைனாகிட்ட, அம்மாகிட்ட சொல்லியும் பாத்துட்டேன். வேற யாரு கேப்பாங்க என் பேச்ச?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து நாளாக என் பக்கத்திலேயே நின்று என் தும்மலை எழுதிக்கொண்டிருந்த பெண். கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது போய் வாயைத் திறந்து பேச அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது. "இரு, அழாத" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

வேலி ஓரத்தில் ஒரு வேலிகாத்தான் பூங்கொத்தை ஒடித்து மூக்குக்கடியில் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. சூரியனை முறைத்துப் பார்த்தேன். கண்ணில்தான் தண்ணீர் வந்தது. முந்தானை நூலைத் திரித்து மூக்குக்குள் விட்டுக் குடைந்தேன். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து மோந்தேன். இருமல் வந்தது, தும்மல் வரவில்லை. ஐந்து வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் வந்த சனியன், ஒரே ஒரு நாள் வா என்றால் வரவில்லை! அந்த மருந்தைக் கண்டுபிடித்தவனை வாயில் வந்தபடி திட்டினேன்.

உள்ளே திரும்பியபோது பெண்ணைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "அப்ப பூ வெச்சிடலாமா?"

நான் கதவோரம் நின்று வாயைத் திறந்து "ஆ... ஹச்!" என்றேன்.

பூச்சரம் அந்தரத்தில் நின்றது. இருபது தலையும் என் பக்கம் திரும்பியது. "இன்னொண்ணு வர்தா பாருங்க" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். எல்லாரும் காத்திருந்தார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தேன். முதுகில் வியர்வை இறங்கியது.

மாமனார் எழுந்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு வந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தட்டிப்போச்சுங்க. இன்னிக்கி வாணாம். தப்பா நெனைக்காதீங்க, நாஷ்டா துன்னுட்டுப் போங்க." அவர்களும் சகுனம் பார்க்கிறவர்கள்தான். முகம் சுளிக்காமல் கேசரி சாப்பிட்டுவிட்டு வேன் ஏறினார்கள்.

வேன் சத்தம் ஓய்ந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா அது?"

"தும்மல் மாமா."

"அஞ்சி வருசமா காலங்காத்தால கேட்டுக்கினு கீறேன். எனக்கே சொல்றியா? அது வாயால பண்ணது."

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம், படிக்கணுமாம் என்று.

மாமனார் கோபம் பாதி, மனத்தாங்கல் பாதியாக, "அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? பெத்த அப்பன்தானே நானு?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ. "சொன்னா மாமா. அன்னிக்கி நீங்க கெளம்பச்சொல்லோ வாசல்ல நின்னு உங்ககிட்ட சொன்னா. நீங்க எனக்கு ரெண்டாவது வர்தான்னு காத கொடுத்துக்கினு இருந்தீங்க. அத்தைகிட்ட சொன்னா, அத்தை என்னை ஊருக்கு அனுப்பற கவலையில இருந்தாங்க. எங்கிட்டயும் சொன்னா. நான் நிமிஷத்த எழுதச் சொன்னேன்" என்றேன். கடைசி வார்த்தை சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் உள்ளறைப் பக்கம் போனார். நாத்தனார் தலைப்பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பொம்பளைங்க இருக்கிற அறை என்று அவர் எப்போதும் நிலைப்படியைத் தாண்ட மாட்டார். அன்றைக்குத் தாண்டிப் போய், அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டுக் குந்தினார்.

"இன்னா படிப்பும்மா அது?" என்று கேட்டார். "எனக்குப் புரியற மாரி சொல்லு."